அலுவலகத்தில் லிபர்ஓபிஸும் லினக்ஸும்: புகாரை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். பனியன் கம்பெனி, பம்ப் உதிரிபாகக் கடை, ஆடிட்டர் அலுவலகம் என்று பத்திலிருந்து நாற்பது கணினிகள் வரை இருக்கும் இடங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம், மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்குப் பதில் லிபர்ஓபிஸ் என்று, மூல நிரல் திறந்து கிடக்கும் திறமூல மென்பொருளுக்கு வருகிறவர்கள் மூன்று வகை: உரிமம் இல்லாத மென்பொருளை வைத்துக்கொண்டு பயந்தவர்கள், ஆண்டுச் சந்தாவைப் பார்த்து மலைத்தவர்கள், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்த பிறகு, நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராதவர்கள். கொள்கைக்காக வந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மாற்றிய முதல் வாரத்திலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எல்லா அழைப்புக்கும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “சார், இந்த லினக்ஸ் சரிப்படவில்லை.” நேரில் போய்ப் பார்த்தால் எழுத்துரு இருக்காது, அல்லது தேதி அமைப்பு அமெரிக்காவில் இருக்கும், அல்லது யாரோ ஒருவர் கோப்பை மூடாமல் விடுப்பில் போயிருப்பார். சில சமயம் உண்மையிலேயே லினக்ஸ்தான் காரணமாக இருக்கும். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எதையும் தொடுமுன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கோப்பு யாரிடமிருந்து வந்தது? பக்கத்துக் கணினியிலும் இப்படித்தான் திறக்கிறதா? எல்லாக் கணினியிலும் ஒரே கோளாறு என்றால் கோப்பையோ எழுத்துருவையோ பாருங்கள். ஒரு கணினியில் மட்டும் என்றால் அந்த லிபர்ஓபிஸின் அமைப்புகள் கெட்டிருக்கலாம்: ‘ஹெல்ப்’ பட்டியில் ‘சேஃப் மோட்’ மூலம் மறுபடி தொடங்குங்கள். அதில் ஒழுங்காக ஓடினால், அதே இடத்தில் பயனர் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. இந்த ஒரு படி என்னைப் பல பயணங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

“வேர்டு கடிதம் கலைந்துபோய்த் திறக்கிறது”

இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகிவிடும். கையொப்பமிடும் வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். முதலில் மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வெழுத்தில் இருந்தால் அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, வேறொன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

2007 பதிப்பிலிருந்து பல ஆண்டுகளாக வேர்டின் இயல்பான எழுத்துரு கலிப்ரி. அது மைக்ரோசாஃப்டின் சொத்து, லினக்ஸுடன் வராது. அதற்கு ஈடாகக் கார்லிட்டோ என்ற எழுத்துரு இருக்கிறது. அதன் ஒவ்வோர் எழுத்தும் கலிப்ரியின் அதே அகலம் கொண்டது என்பதால் வரி உடையும் இடம் மாறாது. கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் லிபரேஷன் குடும்பம். இவற்றை நிறுவினாலே ஆங்கிலக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒழுங்காகிவிடும். புதிய வேர்டுகளில் கலிப்ரியின் இடத்துக்கு ஆப்டோஸ் வந்துவிட்டது. அதில் எழுதப்பட்ட கடிதம் வந்தால், திருத்தத் தேவையில்லாத பட்சத்தில், அனுப்பியவரிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கிவிடச் சொல்கிறேன்.

எழுத்துரு எல்லாம் இருந்தும் கலைகிறதா? ‘வியூ’ பட்டியில் ‘ஃபார்மேட்டிங் மார்க்ஸ்’ என்பதை இயக்கிவிட்டுக் கடிதத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் விலைப்புள்ளிக் கடிதம் ஒன்றை இப்படித் திறந்தேன். அடுத்த பக்கத்துக்குப் போவதற்காக என்டர் விசையை முப்பத்தோரு முறை தட்டியிருந்தார்கள். தேதியை வலப்பக்கம் தள்ளுவதற்கு ஸ்பேஸ் விசையை எத்தனை முறை அழுத்தியிருந்தார்கள் என்று எண்ண எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கடிதம் பத்து ஆண்டுகளாக ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில், ஒரே அச்சுப்பொறியில் மட்டும் நிமிர்ந்து நின்றிருக்கிறது. வேறு கணினிக்குப் போயிருந்தால் விண்டோஸிலும் விழுந்திருக்கும். பக்க முறிவு, வலப்பக்க ஒழுங்கு, இரண்டு கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை, இவ்வளவு போதும் அதை மறுபடி செய்ய. அரை மணி நேர வேலை. நிறுவனத்தில் இப்படி அன்றாடம் புழங்கும் மாதிரிக் கடிதங்கள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். மாற்றத்துக்கு முந்தின வாரமே உட்கார்ந்து அவற்றைச் செய்து வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு கலைவு மெதுவாக வரும். நீங்கள் லிபர்ஓபிஸில் திருத்தி வேர்டின் வடிவமான டாக்எக்ஸாகச் சேமிக்கிறீர்கள், வாடிக்கையாளர் வேர்டில் திருத்தி அனுப்புகிறார், மறுபடி நீங்கள். நாலாவது சுற்றில் அட்டவணையின் கோடுகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கும். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குப் புரியாததைத் தன் வழக்கத்துக்கு மாற்றி எழுதுவதன் விளைவு இது. முழுத் தீர்வு கிடையாது. அலுவலகத்துக்குள் லிபர்ஓபிஸின் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிடி, வெளியே போவது பிடிஎஃப் என்று பழக்குங்கள். லிபர்ஓபிஸ் பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போது ‘ஹைப்ரிட்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் குறியிட்டால் பிடிஎஃப்புக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பும் ஒளிந்திருக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அப்படிப்பட்ட பிடிஎஃப்பை வெளியாருக்கு அனுப்பினால் மூலமும் சேர்ந்தே போகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

“தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பை வருகிறது”

‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், இது பாமினி. அந்தக் கோப்பில் தமிழ் என்றுமே இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகள்தாம் இருந்தன. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுவிட்டிருந்தது. எழுத்துரு இல்லாத கணினிக்கு வந்ததும் வேடம் கலைந்துவிட்டது. வானவில் முதலான பிற பழைய எழுத்துருக்களும் இதே வகைதான், குறியீட்டு அட்டவணை மட்டும் வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் நோட்டீஸ் அச்சடிக்கும் அச்சகமும் நம் அலுவலகத்தின் பழைய கோப்புறையும் அதை இன்னும் கேள்விப்படவில்லை.

அவசரத்துக்கு, உரிமம் அனுமதித்தால், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். திரையில் தமிழ் தெரியும். ஆனால் தேடல் வேலை செய்யாது, பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் அடங்காது, மின்னஞ்சலில் ஒட்டினால் மறுபடி குப்பை. யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போதும். நூற்றுக்கணக்கில் கோப்புகள் இருந்து, பைத்தான் தெரிந்த ஒருவர் கிடைத்தால் ‘ஓபன்-தமிழ்’ நிரலகத்தில் பாமினியை யூனிகோடாக்கும் செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். மாற்றிக்கு எது பாமினி, எது அசல் ஆங்கிலம் என்று தெரியாது. பட்டியலின் நடுவே ஆங்கிலத்தில் ‘ஜிஎஸ்டி’ என்ற மூன்றெழுத்து இருந்தால் அதையும் பாமினியாகவே படித்து ‘புளுவு’ என்று எழுதிவிடும். முன்னூறு விலைப்பட்டியல்களில் புளுவு எண் என்று அச்சாவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கணக்குப் பிரிவில் இருந்த அம்மாள் கவனித்ததால் தப்பித்தோம். ஆகவே கோப்பை முழுதாகக் கொடுக்காதீர்கள். ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ பெட்டியில் எழுத்துருவை வைத்தே தேட முடியும். பாமினியில் உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் ஜிஎஸ்டி எண், பான் எண், மின்னஞ்சல் முகவரி மூன்றையும் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது தட்டச்சு. தமிழ்த் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு எழுதி, முப்பது ஆண்டுகள் கை பழகிய ஒருவரை உட்காரவைத்து “ஒலிபெயர்ப்பில் அடியுங்கள், எளிது” என்று சொல்வது, நாதஸ்வரக்காரரிடம் விசிலைக் கொடுப்பது மாதிரி. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்புகள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றோடு பழைய தட்டச்சுப்பொறி விசையமைப்பும் கிடைக்கும். அதைச் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஓர் அலுவலகத்தில் இந்த ஒரு காரியத்தைச் செய்து காட்டிய பிறகுதான் அங்கிருந்த மூத்த டைப்பிஸ்ட் என்னோடு பேசவே தொடங்கினார்.

தமிழ் ஓரளவிலும் ஆங்கிலம் வேறோர் அளவிலும் வருகிறதா? லிபர்ஓபிஸ் தமிழைச் சிக்கல் எழுத்து வகையில் சேர்த்து, அதற்குத் தனியே எழுத்துருவும் அளவும் வைத்திருக்கிறது. ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லிபர்ஓபிஸ் ரைட்டர்’ என்று போனால் ‘சிடிஎல்’ என்று முடியும் இயல்பெழுத்துருப் பக்கம் இருக்கும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றையும், ஆங்கிலத்துக்கு ஒத்துப்போகும் அளவையும் ஒருமுறை வைத்துவிட்டால் தீர்ந்தது.

“எக்செல் கணக்கு தப்பாக வருகிறது”

கணக்குத் தப்பு என்றதும் முதலாளிக்கு வியர்த்துவிடும். அவசரப்படாதீர்கள். தப்பு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்.

முதலிடம் தேதி. 03/04/2025 என்று வந்த விலைப்பட்டியல் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் கணக்கில் வர வேண்டியது போன நிதியாண்டில் போய் விழும். 25/04/2025 என்பதில் இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பாதித் தேதிகள் தப்பாகவும் மீதி செத்தும் கிடக்கும் ஒரு நிரல் (மேலிருந்து கீழே போகும் வரிசை) உங்களுக்குக் கிடைக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: கன்ட்ரோல் விசையோடு எஃப்8 அழுத்துங்கள். எண்களும் தேதிகளும் நீலத்திலும், சூத்திரங்கள் பச்சையிலும், வெறும் எழுத்துகள் கறுப்பிலும் தெரியும். ஒரே நிரலில் நீலமும் கறுப்பும் கலந்திருந்தால் பிடித்துவிட்டீர்கள். ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ வழியே மொழிப் பகுதிக்குப் போய் வட்டாரத்தை ‘இங்கிலீஷ் இந்தியா’ ஆக்குங்கள். பிறகு மூலக் கோப்பை மறுபடி திறந்து, தேதி நிரலைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ பட்டியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ சென்று, நிரலின் வகையை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே மார்ச்சாக மாறிச் சேமிக்கப்பட்டதை இது திருத்தாது. அதனால்தான் மூலத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். வட்டாரத்தை மாற்றியதில் ஓர் உபரி லாபம்: 100,000 என்று வந்துகொண்டிருந்தது 1,00,000 என்று நம் வழக்கத்துக்கு வந்துவிடும்.

இரண்டாமிடம் நீளமான எண்கள். வங்கியிலிருந்து சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் பட்டியல்) இறக்குகிறீர்கள்; கணக்கு எண்ணின் முன்னாலிருந்த சுழியங்கள் காணாமல் போகின்றன, பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களும் மாறிவிடுகின்றன. இது எக்செலிலும் நடப்பதுதான். லிபர்ஓபிஸ் இந்த இடத்தில் கொஞ்சம் மரியாதையானது. சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒரு பெட்டி காட்டி, எந்த நிரல் என்ன வகை என்று கேட்கிறது. நம்மவர்கள் அதைப் படிக்காமல் ‘ஓகே’ தட்டிவிடுகிறார்கள். கணக்கு எண் நிரலை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள்.

மூன்றாவது, கட்டத்தில் ‘நேம்’ என்று பிழை காட்டுவது. சூத்திரத்தின் பெயர் மென்பொருளுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப். அது லிபர்ஓபிஸுக்கு 24.8 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பு என்றால் புதுப்பியுங்கள்.

நான்காவது மேக்ரோ, அதாவது கோப்புக்குள் எழுதி வைத்த தானியங்கிக் கட்டளைகள். இதில் நான் இனிப்பாக எதுவும் சொல்லப்போவதில்லை. எளிய மேக்ரோக்கள் ஓடும். எக்செலின் உள்ளே கைவிட்டு எழுதியவை ஓடா. வெளியிலிருந்து தரவை இழுத்துவரும் எக்செலின் பவர் குவெரி ஓடாது. வரித்துறைத் தளங்களிலிருந்து இறக்கும் மேக்ரோ படிவங்களும் எக்செலை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இவற்றோடு மல்லுக்கட்டி ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். மூலைக் கணினிக்கு அனுப்புங்கள். அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

“பிரிண்டர் அசையவில்லை”

பிரிண்டரின் மாடல் எண்ணைக் கேட்டாலே பாதி விடை வந்துவிடும். நம் ஊர் அலுவலகங்களில் மேசைக்கு மேசை உட்கார்ந்திருக்கும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனிமொழியில் பேசுவது. லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. எச்பி லேசர்ஜெட் 1020 ஓடும், ஆனால் எச்பியின் லினக்ஸ் டிரைவர்களான எச்பிலிப் தொகுப்போடு அதன் தனிச் செருகுநிரலையும் இறக்கி நிறுவ வேண்டும். அதை விட்டுவிட்டால் பிரிண்டர் பெயர் பட்டியலில் தெரியும், வேலை வரிசையில் நிற்கும், காகிதம் மட்டும் வராது. டாட் மேட்ரிக்ஸ் இயந்திரங்கள் பொதுவாக எப்சன் மொழியைப் புரிந்துகொள்வதால் அச்சடித்துவிடும். அங்கே சிக்கல் தாள் அளவில் வரும். டெலிவரி சலானுக்கான தொடர்தாளின் அளவை அளவுகோலால் அளந்து தனி அளவாகச் சேர்க்காவிட்டால், ஒவ்வொரு சலானும் அரை அங்குலம் கீழே இறங்கி, பத்தாவது சலான் இரண்டு தாள்களில் பாதி பாதியாக விழும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏர்பிரிண்ட் உள்ள நெட்வொர்க் பிரிண்டராகப் பாருங்கள். டிரைவர் எதுவும் இல்லாமல் லினக்ஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

“டோக்கன் செருகினால் கையொப்பம் விழவில்லை”, “டேலி எங்கே?”

டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் ‘ஒயின்’ மென்பொருள் வழியாக ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு, நானும் ஓட்டியிருக்கிறேன். மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய மாலையில் அதை நம்பி உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அப்படியே: டிரைவர், கையொப்பமிடும் செயலி, உலாவி, அரசுத் தளம் என்று நான்கு பேர் ஒத்துப்போக வேண்டிய கல்யாணம் அது.

ஆகவே அலுவலகத்தில் ஒரு கணினியை, உரிமம் வாங்கிய விண்டோஸுடன் மூலையில் வையுங்கள். டேலி, டோக்கன், மேக்ரோ படிவங்கள், பிடிவாதக்கார பிரிண்டர் எல்லாம் அங்கே. மற்றவர்கள் ரெம்மினா என்ற தொலை இணைப்பு மென்பொருள் மூலம் தங்கள் லினக்ஸ் இருக்கையிலிருந்தே அதற்குள் நுழையலாம். அதற்கு விண்டோஸின் ‘புரோ’ பதிப்பு வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஆர்வமுள்ள இளைஞர்கள் இந்த மூலைக் கணினியைத் தோல்வி என்று நினைத்து அதையும் மாற்றத் துடிப்பார்கள். விடாதீர்கள். இருபது கணினியில் பத்தொன்பதை மாற்றிய நிறுவனம் நிலைத்து நிற்கிறது. இருபதாவதையும் மாற்றப்போனவர்கள் தாக்கல் தேதி தவறியதும் இருபதையும் திருப்பிவிட்டார்கள்.

கணக்கு மென்பொருளையே மாற்ற விரும்பினால் மும்பையில் பிறந்த இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. இந்திய ஜிஎஸ்டிக்கான தனித் தொகுப்பும் அதற்கு உண்டு. குனுகேஷ் என்ற திறமூலக் கணக்கு மென்பொருளை இதற்கு இழுக்காதீர்கள், அது இந்திய ஜிஎஸ்டி தாக்கலுக்காக எழுதப்பட்டதல்ல. எதைத் தேர்ந்தாலும் ஆடிட்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி என்றால், யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருளில்தான் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு எழுத வேண்டும்.

“கோப்பு பூட்டிக் கிடக்கிறது, பூட்டியவர் ஊரில் இல்லை”

பொதுக் கோப்புறையில் உள்ள கோப்பைத் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்கிறது. இன்னார் குலதெய்வக் கோயிலுக்குப் போய் இரண்டு நாளாகிறது. மின்சாரம் போனபோது அவருடைய கணினி அணைந்திருக்கும். பூட்டு மட்டும் தங்கிவிட்டது. மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்யுங்கள். புள்ளி, அலைக்குறி, ‘லாக்’ என்று தொடங்கி உங்கள் கோப்பின் பெயரும் கடைசியில் ஒரு ஹேஷ் குறியுமாக ஒரு சிறு கோப்பு அதே இடத்தில் இருக்கும். அவர் கணினி அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு அதை அழித்துவிடுங்கள்.

“இணைப்பில் வின்மெயில் என்று ஏதோ வருகிறது”

அனுப்பியவரின் அவுட்லுக், இணைப்புகளைத் தன் சொந்தப் பொட்டலத்தில் கட்டி அனுப்பியிருக்கிறது. நம் பக்கத்து அஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவில் அனுப்ப வேண்டாம், எச்டிஎம்எல் வடிவில் அனுப்புங்கள் என்று அவரிடம் சொன்னால் நின்றுவிடும். வந்ததைப் பிரிக்க லினக்ஸில் டிஎன்இஎஃப் என்ற சிறு கருவி உண்டு.

எல்லாரும் எல்லாவற்றையும் குறை சொல்கிறார்கள்

இந்த அறிகுறிக்குக் கணினியில் காரணம் தேடாதீர்கள். சனிக்கிழமை மாலை விண்டோஸில் விட்டுப் போனவர்கள் திங்கள் காலை வந்தபோது இயங்குதளம், அலுவல் மென்பொருள், அஞ்சல், உலாவி நான்கும் மாறியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பிரான்சின் ஜாந்தர்மெரி காவல் படை 2005இல் முதலில் லிபர்ஓபிஸின் முன்னோடியான ஓபன்ஆபிஸுக்கு மட்டும் மாறியது, அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸுக்கும் தண்டர்பேர்டுக்கும். 2008இல்தான் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பக்கம் போனது. அதற்குள் எல்லா மென்பொருளும் கைக்குப் பழகிவிட்டதால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. நீங்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றியிருந்தால், வெட்கப்படாமல் விண்டோஸைத் திரும்பப் போட்டு, அதன்மேல் லிபர்ஓபிஸை மட்டும் வைத்து ஆறு மாதம் விடுங்கள். உரிமச் செலவில் பெரும்பகுதி அங்கேயே மிச்சமாகிவிடும்.

யாரும் எதையும் குறை சொல்லவில்லை

என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி இதுதான்.

ஒரு நிறுவனத்தில் மூன்று மாதமாக ஓர் அழைப்பும் இல்லை. மாற்றம் அருமையாக நடந்துவிட்டது என்று எனக்குள் பெருமை. ஒருநாள் வேறு வேலையாகப் போனபோது பொதுக் கோப்புறையைப் பார்த்தேன். அந்த மாதத்தில் சேமிக்கப்பட்ட ஓடிஎஸ் கோப்பு, அதாவது லிபர்ஓபிஸின் சொந்தக் கணக்குத்தாள், ஒன்றுகூட இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த பெண் தினமும் மாலை கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துப் போய், வீட்டில் தம்பியின் மடிக்கணினியில் எக்செலில் வேலையை முடித்துக் காலையில் கொண்டுவந்துகொண்டிருந்தார். சம்பளப் பட்டியல் உட்பட. அந்த மடிக்கணினியில் இருந்த எக்செலுக்கு உரிமம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

“ஏம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன். “முதலாளி காசு மிச்சமாகிறது என்று சந்தோஷமாக இருந்தார் சார். நான் போய் எப்படி?” என்றார்.

அவருக்கு வராமல் போனது ஒரே ஒரு காரியம்: ஒரு நீண்ட பட்டியலை இரண்டு தலைப்புகளின்படி தொகுப்பது. எக்செலில் எங்கே சொடுக்குவார் என்று கைக்குத் தெரியும். இங்கே அந்தப் பொத்தான் வேறு இடத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அதற்கு முன் எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து நான் நடத்திய மூன்று மணி நேரப் பயிற்சியில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. இப்போது கூடத்தில் உட்காரவைத்து நடத்தும் பயிற்சியையே விட்டுவிட்டேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு முற்பகல் உட்கார்ந்து, அவர் அன்றாடம் செய்யும் பத்து வேலைகளை எழுதிக்கொண்டு, அந்தப் பத்தையும் அவருடைய கோப்பில், அவர் கையாலேயே செய்யவைக்கிறேன்.

கண்டுபிடிக்கும் வழி: புழக்கத்தில் உள்ள கோப்புறையில் புதிய கோப்புகளின் வகையையும், சேமித்த நேரத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். இரவு 11 மணிக்குச் சேமித்த கோப்புகள் இருந்தால் பேசிப் பாருங்கள். அதட்ட வேண்டாம்.

“இலவசம்தானே, அப்புறம் எதற்குத் தம்பி செலவு?”

முதலாளியிடமிருந்து வரும் புகார். உரிமத்துக்குத்தான் காசில்லை, மாற்றுவதற்கும் பழக்குவதற்கும் பராமரிப்பதற்கும் உண்டு. மிச்சமாகும் சந்தாப் பணத்தில் பாதியை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆதரவுச் செலவாக ஒதுக்கச் சொல்லித் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறேன்.

இதன் இன்னொரு முகம், எல்லாவற்றையும் அமைத்துக்கொடுத்த கெட்டிக்காரப் பையன் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விடுவது. கடவுச்சொல் அவன் நினைவில், காப்புப் பிரதி ஓடும் நேரம் அவன் நினைவில். இப்படிக் கைவிடப்பட்ட அலுவலகத்துக்குப் போனால் முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, நிர்வாகக் கடவுச்சொல், காப்புப் பிரதி எங்கே, கடைசியாக எப்போது அதை மீட்டுப் பார்த்தோம். நோட்டு முதலாளியின் பீரோவில் இருக்கட்டும்.

“நம் கணக்கெல்லாம் ஊருக்கே திறந்துவிடுமா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். திறந்திருப்பது மென்பொருளின் மூல நிரல்தான். உங்கள் கோப்புகள் உங்கள் பூட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

“அப்டேட் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது”

புதுமை வேட்டைக்காரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் பதிப்பை நிறுவியிருப்பார். அலுவலகத்துக்கு உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு போதும்: இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், ஐந்தாண்டுக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையும் நிதானமானது. பெரிய புதுப்பிப்பை ஒரு கணினியில் ஒரு வாரம் ஓடவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குக் கொடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் எதையும் தொடாதீர்கள். நீண்ட ஆதரவு என்று அறிவித்தாலும் மாறலாம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வகையை 2029 வரை ஓடும் என்று நம்பிச் சர்வர்களில் நிறுவியவர்களுக்கு 2020 டிசம்பரில் செய்தி வந்தது, அடுத்த ஆண்டு இறுதியோடு முடிகிறது என்று. எந்தத் திட்டத்தைத் தேர்ந்தாலும் அதிலிருந்து நகர எத்தனை நாளாகும் என்பதை நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

“போதும், பழையதையே போட்டுக்கொடுங்கள்”

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி பத்தாண்டு உழைத்து 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மாநகராட்சிக்கே அப்படி என்றால் நீங்கள் திரும்புவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் திரும்புமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் புகார்களைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். என்னிடம் வந்த அப்படிப்பட்ட தாள்களில் ஒரே பிரிண்டரும் ஒரே ஆளும்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். பிரிண்டரை மூலைக்கு மாற்றி, அந்த ஆளுக்கு விண்டோஸைக் கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடுகிறது.

அப்படியும் திரும்புவதுதான் முடிவு என்றால், வேர்டு 2007இன் இரண்டாம் சேவைத் தொகுப்பிலிருந்தே ஓடிடி கோப்புகளைத் திறக்கும். லிபர்ஓபிஸின் கட்டளை வரியில் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் டாக்எக்ஸாக மாற்றவும் முடியும். மாற்றியதில் பத்துக் கோப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஓடிடிகளை அழியுங்கள்.